அப்பாவுக்கு விட்ட இடம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். ஆரணியில் கல்யாண போட்டோ எடுப்பவன் நான். மணமேடைக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு உருவம் தெரிகிறது என்று ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஒன்று ஓமப் புகையாக இருக்கும், இல்லாவிட்டால் லென்ஸில் யாரோ விரல் வைத்த கறையாக இருக்கும். பொறுமையாக விளக்கிச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவேன். அப்படிப்பட்டவன்தான் இதைச் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாண வீட்டில் அப்பாவோ அம்மாவோ இறந்துபோயிருந்தால், குடும்ப குரூப் போட்டோ எடுக்கும்போது ஒரு ஆள் நிற்கிற இடத்தைக் காலியாக விட்டு எடுப்போம். பிறகு அவருடைய பழைய படம் ஒன்றை வெட்டி, கம்ப்யூட்டரில் அந்த இடத்தில் பொருத்துவோம். வெளிச்சத்தைச் சரிசெய்து காலடியில் நிழலும் போட்டுவிட்டால் அவரும் கல்யாணத்துக்கு வந்த மாதிரியே இருக்கும். எத்தனையோ வீட்டு அப்பாக்களை நான் இப்படி மேடையேற்றியிருக்கிறேன். என் தங்கை கீதாவின் கல்யாணத்தில் எங்கள் அப்பாவின் முறை வந்தது.

அப்பா பட்டு நெய்தவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, கடைசிவரை படுக்கைதான். குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பீ மூத்திரம் அள்ளி எல்லாம் நான்தான் பார்த்தேன். பெரணமல்லூரில் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டி முடித்த கையோடு, அவருக்கு மூச்சு வாங்குகிறது என்று சேதி வந்து கேமராவோடு வண்டியில் பறந்து வந்திருக்கிறேன். அண்ணன் தனசேகர் அதற்கு முன்பே அப்பாவிடம் சண்டை போட்டுக்கொண்டு பெங்களூர் போய்விட்டார். அப்பா விழுந்துவிட்டார் என்று சொல்லியும் வரவில்லை. செத்த அன்றைக்கு வந்தார், மூத்தவர் என்பதால் கொள்ளி வைத்தார், காரியம் முடிந்ததும் கிளம்பிவிட்டார்.

"எனுக்கு நீ ஒருத்தன்தான்டா" என்று அப்பா குழறிக் குழறி என்னிடம் சொல்வார். ஒருமுறை இரண்டுமுறை இல்லை, சோறு ஊட்டும்போதெல்லாம் சொல்வார். அந்த வார்த்தையை நான் அப்படியே நம்பினேன்.

தங்கை கல்யாணத்தில் நானே கேமராவைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. சேத்துப்பட்டிலிருந்து என் நண்பன் பாபு வந்து எடுத்தான். ஆனால் யார் எங்கே நிற்பது என்று முடிவு செய்தது நான். நடுவில் பொண்ணும் மாப்பிள்ளையும், வலது பக்கம் அம்மா, அம்மாவுக்குப் பக்கத்தில் அப்பாவுக்கு இடம், அதற்கடுத்து நான். அண்ணனை வேண்டுமென்றேதான் இடது கோடியில் நிறுத்தினேன்.

"இன்னாடா எம்மாம் எடம் வுட்டுகினு நிக்கிற, கொஞ்சம் கிட்ட வா" என்று பாபு கத்தினான்.

"வுடுடா, அவுரு தாராளமா நிக்கட்டும்" என்றேன். மேடையில் எல்லோரும் சிரித்தார்கள், அம்மா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

படத்தை எடிட் பண்ண உட்கார்ந்தது ஒரு அமாவாசை மத்தியானம். அமாவாசைக்கு எங்கள் தெருவில் தறி ஓடாது, அதனால் தெருவே சத்தமில்லாமல் இருந்தது. அப்பாவின் படமாக நான் எடுத்து வைத்திருந்தது, நோய் வருவதற்கு முன்பு படவேட்டில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் நானே எடுத்தது. தாம்பூலப் பையை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவரை வெட்டியெடுத்து எனக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். சொன்னால் வெட்கமாக இருக்கிறது, நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அப்பா இடது கோடியில், அண்ணனுக்குப் பின்னால் நிற்கிறார். கை பட்டு மவுஸ் இழுத்திருக்கும் என்று நினைத்துத் திரும்ப என் பக்கத்துக்கே கொண்டுவந்தேன். நகராதபடி பூட்டிவைக்க ஒரு வசதி உண்டு, அதையும் போட்டேன். கண்ணால் ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டுத்தான் பிரிண்ட் போட வேலூருக்கு அனுப்பினேன்.

ஃபிரேம் போட்டுப் பார்சல் வந்தது. அம்மாதான் ஆசையாகப் பிரித்தார். பிரித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்.

"உங்கப்பா உசுரோட வந்து நிக்கற மாதிரியே கீதுடா. பெரியவன் தோள்ல கைய வேற போட வச்சிகிற. உனுக்கு எம்மாம் பெரிய மனசுடா!"

எட்டிப் பார்த்தேன். அப்பா அண்ணனுக்குப் பின்னால் நிற்கிறார், இடது கை அண்ணன் தோளில் இருக்கிறது. என் பக்கத்தில் நான் விட்ட இடம் அப்படியே காலியாகக் கிடக்கிறது.

உடனே வேலூருக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். "நீங்க அனுப்ச்சதத்தான் போட்டோம்ங்க, சும்மா பேஜார் பண்ணாதீங்க" என்றார்கள். என் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன், அதிலும் அப்படியேதான் இருந்தது. படவேட்டில் எடுத்த படத்தில் இரண்டு கையும் பையைப் பிடித்துக்கொண்டிருக்க, தோளில் கிடக்கிற இந்தக் கை எங்கிருந்து வந்தது? பெரிதாக்கிப் பார்த்தேன். விரல்கள் லேசாக மடங்கி இருந்தன. வாதம் வந்த பிறகு அப்பாவின் இடது கை அப்படித்தான் மடங்கிப்போனது. அந்தக் கையை நான் ஒருநாளும் போட்டோ எடுத்ததே இல்லை.

பயந்தாயா என்று கேட்பீர்கள். பயமெல்லாம் இல்லை, வயிறு எரிந்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு செத்துப்போன மனிதரிடம் சத்தம் போட்டுச் சண்டை போட்டேன். அள்ளிக் கொட்டினது நான், நீ போய் நிற்கிறது அங்கேயா என்று கேட்டேன். நியாயமாகக் கேட்க வேண்டிய கேள்விதானே, நீங்களே சொல்லுங்கள்.

சரி, அப்பாவே இல்லாமல் வேறு பிரிண்ட் போட்டு மாட்டிவிடலாம் என்று பாபுவின் கேமராவிலிருந்து வந்த படங்களை எடுத்தேன். யார் கையும் படாத ஒரிஜினல் படங்கள். அவற்றில் அப்பா இல்லை, இருக்கவும் முடியாது. ஆனால் முதல் படத்தில் அண்ணனின் பட்டுச் சட்டை தோளில் சுருக்கமில்லாமல் சமமாக இருக்கிறது. அடுத்த படத்தில் அதே தோளில் துணி அமுங்கியிருக்கிறது, நாலு விரல் அழுத்தின மாதிரி நாலு பள்ளம். அண்ணனுக்குப் பின்னால் மேடையின் பூ அலங்காரம்தான் தெரிகிறது. அண்ணன் கண்ணில் தண்ணீர் நிற்கிறது.

அன்றைக்கே அண்ணனுக்குப் போன் செய்தேன். அப்பா போன பிறகு நானாக அவருக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"ண்ணா, குரூப் போட்டோ எடுக்கசொல்ல உன் பின்னாடி யாருனா நின்னுகினு இருந்தாங்களா?"

"நீதானேடா?" என்றார். "பின்னால வந்து தோள்ல கை வச்சியே. என்ன மன்னிச்சிட்டியேன்னு நெனச்சிகினேன்டா. திரும்பிப் பாத்தா அழுதுடுவேன்னு நேராவே பாத்துகினு நின்னேன்."

நான் அந்த நேரம் மேடையின் மறு கோடியில், ஒரு காலி இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. அப்பாதான் வந்தார் என்று சொல்லி அந்தச் சந்தோஷத்தையும் அவருக்கே தூக்கிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

"ஆமாண்ணா, நான்தான்" என்றேன்.

அம்மா அந்தப் படத்தைக் கூடத்தில் மாட்டிவிட்டார், கழற்ற விடமாட்டேன் என்கிறார். வருகிறவர்கள் எல்லாம் என் வேலையைப் பாராட்டிவிட்டுப் போகிறார்கள். அண்ணன் இப்போது அடிக்கடி போன் செய்கிறார், பாசமாகத்தான் பேசுகிறார், நானும் பேசுகிறேன். ஆனால் அன்றைக்குப் போனை வைப்பதற்கு முன்னால் அவர் சொன்ன ஒன்று மட்டும் இன்றுவரை என்னைத் தூங்கவிடுவதில்லை.

"உன் கை எம்மாம் சூடா இருந்துச்சு தெரியுமாடா. சட்டைய தாண்டி உள்ள எறங்குச்சு."

வாதம் வந்த அந்தக் கையைத் தினமும் எண்ணெய் காய்ச்சித் தேய்த்து, என் இரண்டு கைக்குள்ளும் வைத்து உருவிவிட்டவன் நான். ஒருநாள்கூட அது எனக்குச் சூடாக இருந்ததில்லை.