செருப்பைக் கழற்றவைத்த ஏரி

ரசமட்டத்தைப் படச்சட்டத்தின் தலையில் வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்வார் மதலைமுத்து. குமிழி நடுக்கோட்டில் வந்து நின்றால்தான் மூச்சு வெளியே வரும். நீலசந்திராக்காரர். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கேலரியில் பதினெட்டு வருஷமாகப் படம் மாட்டுகிறார். படப்பெட்டிகளை லக்கேஜ் ஆட்டோவில் கொண்டுபோய் இறக்குகிறவன் நான். டீக்கடைக் காலண்டர் கோணலாக இருந்தால்கூட அதை நேராக்கிவிட்டுத்தான் இந்த மனுஷன் டீயைத் தொடுவார்.

போன மாதம் பின்லாந்துப் படங்கள் வந்தன. எல்லாம் காடும் ஏரியும். மரம் ரத்தச் சிவப்பு, வானம் மஞ்சள், பனி நீலம். மரம் எந்த ஊரில் ஐயா சிவப்பாக இருக்கிறது என்று கேட்டேன்.

"ஜெபமால சொல்லி முடிச்சிட்டு கண்ண தொறந்து பாரு மச்சா. எல்லா மரமும் அப்படித்தான் தெரியும்."

பெரிய ஏரிப் படத்தை மாட்டும்போது செருப்பை அறைவாசலில் விட்டுவிட்டுப் போனார். ஏன் என்றேன்.

"படத்துல ஆளே இல்ல பாரு. ஆனா அந்த எடம் காலியா இல்ல."

அதிலிருந்து அந்த அறைக்குள் வெறுங்கால்தான்.

வந்தது வினை. கண்காட்சி தொடங்கிய அன்றே அனந்தலக்ஷ்மி என்று ஒரு டீச்சர் அந்தச் செருப்பைப் பார்த்தார். இங்கே அதுதான் வழக்கம்போல என்று தன்னுடையதையும் கழற்றினார். பின்னால் வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? மத்தியானத்துக்குள் செருப்பு மலை. எலெக்ட்ரானிக் சிட்டிக்காரர் ஒருவர் ஒரு காலில் தன் ஷூவும் மறுகாலில் யாருடைய ஹவாயோ போட்டுக்கொண்டு சிரித்தபடி போனார். இது எந்தப் புனிதரின் ஏரி என்று ஒருவர் விசாரித்தார். கேட்டருகே ஒரு பூக்காரி கூடையோடு உட்கார்ந்தேவிட்டாள்.

மேனேஜர் வீணா மேடம் மதலைமுத்துவைக் கூப்பிட்டுக் கன்னடம் கலந்த தமிழில் கொதித்துப்போனார். "இது கேலரி ரீ, கோயில் இல்ல. நாளைக்கு ஆர்ட்டிஸ்ட் வர்றாங்க. ஒரு செருப்பு வெளிய கெடந்தாலும் நீங்க வேலைக்கு வரவேணாம்."

மறுநாள் மதலைமுத்து செருப்போடு நுழையத்தான் பார்த்தார். ஏரியைக் கண்டதும் கால் எழவில்லை. மூன்று தடவை போனார், மூன்று தடவை திரும்பினார். கடைசியில் கழற்றிவிட்டார். அந்த நேரம் பார்த்து ஓவியர் அய்லா அம்மாள் வந்து நின்றார். எழுபது வயசு, முழங்கால்வரை பூட்ஸ்.

செருப்பைப் பார்த்தார், மதலைமுத்துவின் வெறுங்காலைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். அது தன் வீட்டு ஏரி என்றும், அவர்கள் ஊரில் வீட்டுக்குள் யாரும் செருப்போடு வருவதில்லை என்றும் வீணா மேடத்திடம் இங்கிலீஷில் சொல்லிவிட்டு, ஓட்டை சாக்ஸோடு உள்ளே போனார். வேறு வழியில்லாமல் மேடத்தின் ஹீல்ஸும் கழன்றது.

மதலைமுத்து குனிந்து பூட்ஸைத் தன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு பூட்ஸின் தலையிலும் ரசமட்டத்தை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டார்.