எழுந்து நிற்காமல் மீன் பிடிப்பது

மாரண்டஹள்ளி ஏரியில் சின்ன வயதில் நிறைய மீன் பிடித்திருக்கிறேன். மூங்கில் குச்சி, மண்புழு, மிதக்கிற தக்கை. தக்கை அமுங்கியதும் துள்ளி எழுந்து குச்சியைத் தலைக்கு மேல் வீச வேண்டும். மீன் பின்னால் கரையில் போய் விழும். ஏழாவதோடு படிப்பை விட்ட எனக்கு உருப்படியாகத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். அதன்பிறகு லாரியில் கிளீனர், பெங்களூர் ஹோட்டலில் பாத்திரம் கழுவுதல், தக்காளி மண்டியில் கூடை தூக்குதல் என்று வருடங்கள் போயின. எதிலும் நிலைக்கவில்லை. மண்டியில் முதுகு பிடித்துக்கொண்டதும் ஒகேனக்கல்லில் இருந்த தங்கை வீட்டுக்கு பஸ் ஏறினேன். எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை அது.

தங்கை வீட்டுக்காரர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். காலையில் மீன் பிடித்து வறுவல் கடைகளுக்குக் கொடுப்பார், பிறகு பரிசலில் ஆள் ஏற்றுவார். மீனுக்குப் போகும்போது பரிசலில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் துடுப்புப் போட, ஒருவர் தூண்டில் நரம்பு பிடிக்க. கூடப் போய்வந்த அவருடைய தம்பி ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். அந்த இடத்தில் என்னைச் சேர்த்துக்கொள்ளும்படி தங்கை கேட்டாள். கேட்டதோடு, என் பையைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டாள்.

முதலில் கரையிலேயே பார்ப்போம் என்றார் அவர். குச்சி இல்லை, தக்கை இல்லை. நரம்பின் முனையில் ஈயம், முள், முள்ளில் ராகிக்களி உருண்டை. பாறையில் உட்கார்ந்து நரம்பை விரலில் பிடித்தேன். உடனே இழுத்தது. துள்ளி எழுந்து சுண்டினேன். வெறும் முள் பறந்து வந்து அவர் லுங்கியில் மாட்டியது.

அவர் நிதானமாக அதைக் கழற்றினார். “பரிசல்ல இப்படி எந்திரிச்சீங்கன்னா நாம மீனைப் புடிக்க மாட்டோம் மச்சான். மீனு நம்மளப் புடிக்கும்.”

பரிசல் ஒரு வட்டக்கூடை. நடு ஆற்றில் ஒருவன் சடாரென்று எழுந்தால் கவிழ்ந்துவிடும். ஆகவே உட்கார்ந்தபடி பிடிக்கப் பழகினால்தான் என்னை ஏற்றுவதாகச் சொன்னார். ஆற்றுக்கு மேலே மழை பெய்து, செம்மண் வெள்ளத்தில் தண்ணீர் சிவக்கும்வரை பார்ப்பார். முடியாவிட்டால், கேட்டுக்கொண்டிருக்கும் வேறொருவரைச் சேர்த்துக்கொள்வார். அவர் கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் பையை நான் கீழே இறக்க வேண்டியிருக்கும் என்பது வீட்டில் மூன்று பேருக்கும் தெரிந்தது.

மறுநாள் முள்ளையே கழற்றிவிட்டார். வெறும் ஈயம்தான். முள் இல்லாமல் என்ன மீன் என்றேன். “மொதல்ல ஆத்தப் புடிங்க” என்றார். அந்த வழியாகப் போன பரிசல்காரர்கள், என்னண்ணா ஆத்துல பட்டம் வுடறீங்களா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

நரம்பு விரலை அறுத்தது. பாறை சுட்டது. கால் தானாக எழுந்து நடக்கப் பார்த்தது. நான் எழுந்துவிட்டால் அவர் திட்டமாட்டார். நரம்பைச் சுற்றி எடுத்துக்கொண்டு, இன்னைக்குப் பள்ளிக்கூடம் முடிஞ்சுது என்பார். இரண்டாவது தடவையாக நான் பள்ளிக்கூடத்தை விடுகிறேனா என்று தங்கை வீட்டில் கேட்பாள்.

சில நாளில் விரலுக்குப் புரிந்தது. ஆறு எப்போதும் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். இழுப்பதெல்லாம் மீன் இல்லை. பெரிய மீன் களியைக் கவ்வி, ஈயத்தையும் தூக்கிக்கொண்டு எதிர்நீரில் ஏறும்போது நரம்பு தளர்ந்துபோகும். அந்தத் தளர்வுக்காகத்தான் காத்திருக்க வேண்டும். ஏரியில் கற்றது அப்படியே தலைகீழ்.

முள்ளைத் திரும்பக் கட்டிக் கொடுத்தார். பொடிக் கெண்டைகள் களியைத் தின்றுவிட்டுப் போயின.

ஒருநாள் காலையில் மேற்கே மேகம் கறுத்திருந்தது. ஓரத்துத் தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது. பக்கத்தில் பரிசல் கவிழ்ந்து கிடக்க, அவர் அதன் நிழலில் ஈயம் தட்டிக்கொண்டிருந்தார். என் விரலில் இருந்த பாரம் திடீரென்று இல்லாமல் போனது.

தளர்ந்த நரம்பைச் சேர்த்து எடுத்தேன், மெதுவாகச் சுண்டினேன். மாட்டிக்கொண்டது. ஓடியபோது விட்டேன், ஓய்ந்தபோது இழுத்தேன். ஈயம் தட்டும் சத்தம் நின்றிருந்தது. கடைசியில் பாறைக்கடியில் மீன் தெரிந்தது, முழங்கை நீளக் கெளுத்தி. பழைய ஆளாக இருந்தால் தண்ணீரில் குதித்து அணைத்திருப்பேன். பாறையைவிட்டு நான் அசையவில்லை. அது கல்லில் ஒரு புரள் புரண்டது. முள் கழன்றது. போய்விட்டது.

“எந்திரிச்சிருந்தா புடிச்சிருக்கலாம் மாப்பிள்ளை” என்றேன்.

“புடிச்சிருக்கலாம்” என்றார். பிறகு போய்ப் பரிசலின் ஒரு விளிம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“அந்தப் பக்கம் புடிங்க மச்சான். தண்ணி செவக்கறதுக்குள்ள ஒரு சுத்துப் போயிட்டு வந்துரலாம்.”

அப்போதுதான் எழுந்தேன்.