முன் இடது சக்கரம்

அந்தக் கார் ரிப்பேர் ஷெட்டில் போன் எடுப்பவள் என்பதால் எல்லோருக்கும் அவள் போனக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த மேனேஜருக்கும் அவள் போனக்காதான்.

சின்னக் கார் வைத்திருப்பவர்களின் சந்தேகத்துக்கு முடிவே கிடையாது. பெரிய வண்டிக்காரர்கள் டிரைவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவார்கள். சின்னக் கார்க்காரரோ தானே ஓட்டி, தானே துடைத்து, சக்கரத்தில் ஒட்டிய சேற்றைக்கூடத் தானே சுரண்டி எடுப்பவர். வண்டி லேசாகத் தும்மினாலும் அவருக்குத் தூக்கம் போய்விடும். சத்தத்தை வாயாலேயே செய்து காட்டுவார்கள். "ஸ்டார்ட் பண்ணா க்ர்ர்... க்ர்ர்னு இழுக்குதும்மா." "பள்ளத்துல இறங்கினா டொக்குனு ஒண்ணு, ஏறினா டொக்குனு ஒண்ணு." "ஏசி போட்டா ஈரத்துணி வாடை அடிக்குது, வீட்டுக்காரி உள்ளயே உக்கார மாட்டேங்குறா." "வேகமாப் போனா கை நடுங்குது, வண்டிக்கு வியாதியா எனக்கு வியாதியான்னே தெரியல."

அவள் சிரிக்காமல் கேட்பாள். பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா, பாருங்கள் என்பாள். ஏசி ஃபில்டரைக் கழற்றித் தட்டச் சொல்வாள். கை நடுங்குகிறவரை வீல் பேலன்ஸ் பார்க்க வரச் சொல்வாள். இதையெல்லாம் அவள் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ரசீது போடும் மேசையில் உட்கார்ந்திருந்த வருடங்களில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் மெக்கானிக்குகள் பேசிக்கொண்டதெல்லாம் காதில் விழுந்து தங்கிவிட்டது. அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கணவர் ஒரே ஒரு முறை சொல்லிக்கொடுத்தார். அன்றைக்கே கேட்டில் இடித்துவிட்டு இறங்கினவள்தான்.

அந்தத் தடுப்புக்கு அந்தப்பக்கம் நின்றவர்களில் அவளுடைய தம்பியும் ஒருவன். வேலை எதிலும் நிலைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தவனை, "என் தம்பி சார், நான் பொறுப்பு" என்று மேனேஜரிடம் சொல்லி அவள்தான் சேர்த்துவிட்டாள். வண்டி கழுவுவதில் ஆரம்பித்து, ஆயில் மாற்றுவதற்கு வந்து, இப்போதுதான் பிரேக் வேலையைத் தனியாகச் செய்யும் அளவுக்கு உயர்ந்திருந்தான். வேலை சுத்தம் என்று பேர் வாங்கியிருந்தான். அதில் அவனைவிட அவளுக்குத்தான் பெருமை அதிகம்.

அன்றைக்குக் காலையில் ஒரு பெண் கூப்பிட்டாள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி. முந்தின நாள்தான் அவர்களுடைய வெள்ளைக் கார் ஷெட்டில் புது பிரேக் பேடு போட்டுக்கொண்டு போயிருந்தது. மலைமேல் வேலை பார்க்கும் மகளைப் பார்க்கக் கிளம்பியிருக்கிறார்கள்.

"பிரேக் கொஞ்சம் மெத்துனு இருக்காம். அவர் கேக்கச் சொன்னார். தலகாணிய மிதிக்கிற மாதிரி இருக்குதாம்."

அந்த நேரத்தில் மேசைக்கு முன்னால் நான்கு பேர் சாவியோடு நின்றார்கள். இன்னொரு போன் வேறு அடித்துக்கொண்டிருந்தது.

"புது பேடுங்கம்மா. கொஞ்ச தூரம் ஓடினா தானா செட் ஆயிடும். பயப்படாம போயிட்டு வாங்க."

சொல்லிவிட்டு வைத்தவள்தான். அதோடு மறந்தும் போனாள்.

மறுபடியும் அந்தக் குரல் வந்தது மத்தியானச் சாப்பாடு முடிந்து கை கழுவிய ஈரம் காயும் முன்னால். இந்த முறை குரல் வேறு மாதிரி இருந்தது.

"ஹலோ, பிரேக் பிடிக்கலங்க! மலை இறங்கிட்டு இருக்கோம், பிரேக் பிடிக்கல!"

போனக்காவுக்கு நாற்காலி நழுவியது போல் இருந்தது. எழுந்து நின்றுவிட்டாள்.

"சுத்தமா பிடிக்கலையா, கொஞ்சமாவது பிடிக்குதா?"

"என்னங்க, கொஞ்சமாவது பிடிக்குதான்னு கேக்குறாங்க... ரெண்டு மூணு தடவ மிதிச்சா லேசாப் பிடிக்குதாம். அப்புறம் உள்ள போயிடுதாம்."

"ஓரமா நிறுத்த இடம் இருக்கா?"

"எங்க இருக்கு? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். பின்னாடி லாரி வேற ஒட்டிக்கிட்டே வருது."

இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். சற்றே ஆறவிட்டால் திரும்பி வந்துவிடும். இது அவளுக்குத் தெரியும். இப்படிக் கூப்பிட்டவர்களும் உண்டு. பிரேக்கிலிருந்து காலை எடுத்து, கியரைக் குறைத்து, ஆறவிடச் சொல்லலாம் என்று வாயெடுத்தவளுக்குக் காலையில் கேட்ட வார்த்தை நினைவுக்கு வந்தது. தலகாணி. அப்போது அவர்கள் மலையே ஏறியிருக்கவில்லை. சூடு எங்கிருந்து வந்தது?

போனின் வாயைப் பொத்திக்கொண்டு தடுப்பின் மேல் எட்டிக் கத்தினாள். "டேய்! நேத்து அந்த வெள்ளை வண்டி பிரேக்குக்கு ஏர் எடுத்தியே, நிப்பிளெல்லாம் டைட் பண்ணியா?"

பிரேக் குழாயில் காற்று தங்காமல் வெளியேற்ற ஒவ்வொரு சக்கரத்திலும் நிப்பிள் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் திறந்து காற்றை எடுத்துவிட்டு இறுக்க வேண்டும். இறுக்காவிட்டால் ஆயில் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டே இருக்கும்.

தம்பி ஒரு வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான். "பண்ணேங்கா. ஏன்?"

"பிரேக் இல்லாம மலையில இறங்கிட்டு இருக்காங்கடா. சத்தியமா பண்ணியா?"

அவன் எழுந்து வந்தான். அவன் முகம் வெளிறுவதை அவள் கண்ணாலேயே பார்த்தாள்.

"முன் இடது சக்கரம்... கையால திருகினேன். அப்ப மேனேஜர் கூப்பிட்டார். திரும்பி வந்து ஸ்பேனர் போட்டேனான்னு... ஞாபகம் இல்லக்கா."

திட்ட நேரமில்லை. "இப்ப என்ன சொல்லட்டும்? சீக்கிரம் சொல்லு."

"ஆறினாலும் இது திரும்பி வராதுக்கா. போகப் போக மோசமாத்தான் ஆகும். ஆனா மத்த ரெண்டு சக்கரத்துக்கு வேற ஆயில் லைன். அந்தப் பாதி பிடிக்கும். பெடலை அடிவரைக்கும் அழுத்திப் பிடிக்கச் சொல்லு. கியரை ஒவ்வொண்ணா இறக்கச் சொல்லு. எஞ்சினை ஆஃப் பண்ணக் கூடாது. ஹேண்ட்பிரேக்கை ஒரேடியா இழுக்கக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமா."

அவன் சொல்லச் சொல்ல அவள் போனில் சொன்னாள். அந்தப்பக்கம் மனைவி கணவனிடம் சொன்னாள். ஒரு வார்த்தை மூன்று வாய் மாறித்தான் ஸ்டியரிங்கில் இருந்தவருக்குப் போய்ச் சேர்ந்தது.

"மூணாவதுல இருக்காராம்."

"ரெண்டாவது போடச் சொல்லுங்க."

"ரெண்டு போடுங்கங்க! ரெண்டு! ஐயோ, வண்டி கத்துதுங்க!"

"கத்தட்டும். கத்தினாதான் வேகம் குறையும். போட்டுட்டாரா?"

"போட்டுட்டார். முன்னாடி பஸ் ஒண்ணு போகுது... என்னங்க, பஸ்ஸு! பஸ்ஸு!"

"ஹேண்ட்பிரேக், மெதுவா!"

ஷெட்டில் ஸ்பேனர் சத்தம் நின்றிருந்தது. கம்ப்ரஸரை யாரோ அணைத்துவிட்டார்கள். சாவியோடு நின்றவர்கள்கூட மேசையைச் சுற்றி வந்து நின்றார்கள். தம்பி கண்ணாடித் தடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அக்காவின் வாயையே பார்த்தான்.

"வளைவு வருது," என்றாள் அந்தப் பெண். பிறகு யாரையோ கூப்பிடுவது போல ஒரு குரல். மகளின் பேராக இருக்க வேண்டும். அதன் மேல் ஹாரன். பிறகு கணவனின் குரல் முதன்முறையாகத் தெளிவாகக் கேட்டது: "அந்த ஜல்லியில விட்டுடுறேன். கெட்டியாப் பிடிச்சுக்கோ."

சரசரவென்று மழை கொட்டுவது போல ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

"ஹலோ? அம்மா? ஹலோ?"

லைன் அறுபடவில்லை. எங்கேயோ ஏதோ டிக்டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. போனக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். தம்பி என்ன என்பது போலத் தலையை ஆட்டினான். தெரியவில்லை என்று அவளும் தலையை ஆட்டினாள்.

பிறகு போனுக்குள்ளிருந்து வந்தது, திட்டுகிற சத்தம். "அப்பவே சொன்னேன், மெதுவாப் போங்கன்னு! சொன்னா என்னைக்காவது கேட்டிருக்கீங்களா? பிரேக்கு மேல ஏறி உக்காந்துகிட்டே வந்தா அது என்னத்துக்கு ஆகும்?"

போனக்கா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தாள். திட்டுகிறாள் என்றால் உயிரோடு இருக்கிறாள். பதில் சொல்லாமல் இருக்கிறார் என்றால் அவரும் இருக்கிறார்.

மேனேஜர் இழுவை வண்டியை அனுப்ப ஏற்பாடு செய்தார். அவளைத் தனியாக அழைத்துக் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"மலையில பிரேக்க மிதிச்சுக்கிட்டே இறங்கியிருக்கார், சூடாயிடுச்சு. அவ்வளவுதான் விஷயம். அவர் சம்சாரமே அப்படித்தான் சொல்லுதாமே. நீயும் கூடப் போ. பேசத் தெரிஞ்சவ நீதான். உன் தம்பிக்காகவும்தான் சொல்றேன்."

இழுவை வண்டியின் முன்சீட்டில் அக்காவும் தம்பியும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நகரம் முடிந்து மலைச்சாலை தொடங்கியது. முதல் வளைவில் அவன், "அக்கா..." என்று ஆரம்பித்தான்.

"நீ வாயத் திறக்காத. நான் பேசிக்கிறேன்."

அவள் மனசுக்குள் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டாள். முழுப் பொய்யுமில்லை, இறக்கத்தில் பிரேக் சூடாகத்தான் செய்யும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். காலையில் தான் சொன்ன பதிலுக்கு மட்டும் எந்தச் சமாதானமும் கிடைக்கவில்லை.

வளைவு தாண்டி, ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் வெள்ளைக் கார் மூக்கைப் புதைத்துக்கொண்டு நின்றது. முன்விளக்கு ஒன்று நொறுங்கியிருந்தது. மனைவி மணிக்கட்டில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள், சுளுக்கு. கண்ணாடிக் கடைக்காரர் காரில் சாய்ந்து நின்றார். ஒடிசலான மனிதர். கால்சட்டைக்குள் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. அதை அவரால் நிறுத்த முடியவில்லை.

"சார், மலை இறங்கும்போது பிரேக்க அதிகமா மிதிச்சா, சூடாகி..." என்று போனக்கா தொடங்கினாள்.

முடிப்பதற்குள் அவர் தலையசைத்துவிட்டார். "தெரியும்மா. என் தப்புதான். இவ அப்பவே சொன்னா." சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "யாராவது வாங்கக் கேட்டா குடுத்துடுங்க. நான் இனிமே ஸ்டியரிங் தொட மாட்டேன். இவளக் கொன்னிருப்பேன்."

அதுவரை விடாமல் திட்டிக்கொண்டிருந்த மனைவி சட்டென்று நிறுத்தினாள். கணவனை ஏறிட்டுப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

போனக்காவின் கையில் சாவி கனத்தது. சரி சார் என்று சொல்லிவிட்டால் போதும், எல்லாம் முடிந்தது.

தம்பி இதற்குள் முன் இடது சக்கரத்தின் அருகே குத்துக்காலிட்டிருந்தான். சக்கரத்தின் உட்பக்கம் விரலை விட்டுத் துழாவி வெளியே எடுத்தான். விரல் நனைந்து மினுங்கியது. அந்த விரலை நீட்டியபடியே எழுந்து வந்தான்.

"சார், உங்க மேல தப்பில்ல. பிரேக் ஆயில் முழுக்க இங்க கசிஞ்சிருக்கு. நான்தான் சார் நேத்து வேலை பார்த்தேன். இந்தத் திருக இறுக்காம விட்டுட்டேன்."

"டேய்," என்றாள் அக்கா. அவளையும் மீறி வந்துவிட்டது.

"இல்லக்கா. அவர் முகத்தப் பாரு."

கடைக்காரர் அவன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். புரிய நேரமெடுத்தது. மனைவிதான் முதலில் எழுந்தாள். தம்பியிடம் போகவில்லை, நேராகப் போனக்காவிடம் வந்தாள்.

"இந்தக் குரல்... காலையில தானா செட் ஆயிடும்னு சொன்னது நீங்கதானே?"

"நான்தாங்க."

"இப்ப சூடுன்னு சொன்னதும் நீங்கதானே? தெரிஞ்சேதான சொன்னீங்க?"

போனக்காவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "ஆமாங்க."

அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பாள். அந்தப் பெண் அறையவில்லை. போனக்காவின் கையிலிருந்து சாவியைப் பிடுங்கி, கணவனின் சட்டைப் பையில் போட்டாள். "வாங்க போகலாம். இவங்க வண்டியில ஏற வேணாம். நம்ம கார வேற ஆள விட்டு எடுத்துக்கலாம்," என்றாள். கணவனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, கீழே போகும் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினாள். பஸ்ஸில் ஏறும்போது கடைக்காரர் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் மன்னிப்பு இல்லை. ஆனால் முழங்கால் ஆடுவது நின்றிருந்தது.

கூப்பிடும்போது வா என்று சொல்லித் தம்பியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார் மேனேஜர். கூப்பிடவே இல்லை. கொஞ்ச நாள் சும்மா இருந்துவிட்டு அவன் ஒரு டயர் கடையில் சேர்ந்துகொண்டான். போனக்காவின் வேலை தப்பியது. புதிதாக ஓர் ஆளைப் பிடித்துப் பழக்குவது மேனேஜருக்குத் தொல்லை.

ஊரார் நினைத்தது வேறு. தம்பி வேலையைத் தொலைத்துக்கொண்டதற்காக அக்கா அவனோடு பேசாமல் இருக்கிறாள் என்று நினைத்தார்கள். அவள் பேசாமலிருந்ததற்குக் காரணம் அதுவல்ல. சின்ன வயதிலிருந்து அவனுக்காக எல்லா இடத்திலும் அவள்தான் பேசுவாள். அன்றைக்கு அவன் தானாகப் பேசினான். பேச வேண்டியதைப் பேசினான். அவள் பேசியதோ பொய். அவன் முகத்தில் விழிக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

போனில் அவள் பேச்சு நீண்டுபோயிற்று. பிரேக் என்று யார் வாயெடுத்தாலும், பெடல் எவ்வளவு இறங்குகிறது, ஆயில் டப்பாவில் கோட்டுக்கு மேலே இருக்கிறதா, சக்கரத்துக்கு உள்பக்கம் ஈரமா என்று குடைவாள். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். மேனேஜர் கண்ணாலேயே முறைப்பார். அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

மழைக்காலம் பிடித்த பிறகு ஒரு நாள் பழகிய குரல் ஒன்று வந்தது. போனக்கா அடையாளம் தெரிந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எங்க வண்டி உங்க ஷெட்டுக்கு இனிமே வராது. அது வேற. ஒரு சந்தேகம் கேக்கணும்."

"கேளுங்கம்மா."

"வைப்பர் போட்டா கீச் கீச்சுனு கத்துது. கண்ணாடியில கோடு கோடா விழுது. வேற ஷெட்டுல கேட்டா எதுக்கெடுத்தாலும் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லங்குறான். அந்த வார்த்தையக் கேட்டாலே எனக்கு உதறுது."

போனக்கா நிதானமாகக் கேட்டாள். ரப்பர் ஓரம் பிய்ந்திருக்கிறதா, எந்தப்பக்கம் கோடு விழுகிறது, கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா. ரப்பரை மாற்றும்வரை சோப்புத் தண்ணீரில் துடைத்து ஓட்டலாம், பெருமழையில் மட்டும் எடுக்க வேண்டாம் என்றாள். பிறகு தயங்கினாள்.

"சார்... ஓட்டுறாரா?"

"ஓட்டாம? மழையில வைப்பர் போட்டுக்கிட்டு வாசல்லயா உக்காந்திருக்கப் போறோம்?" என்றாள் அந்தப் பெண். பிறகு, "மலைப் பக்கம் மட்டும் இன்னும் போறதில்ல. பொண்ணத்தான் கீழ வரச் சொல்றோம்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் போனக்கா வீட்டுக்குப் போகும் வழியில் டயர் கடைப் பக்கம் திரும்பினாள். தம்பி ஒரு சக்கரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் கையை உதறிவிட்டு எழுந்தான். அவள் குடையை மடக்கிக்கொண்டு, கடையோரமாகக் கிடந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்தாள்.

"அந்தக் கண்ணாடிக் கடைக்காரம்மா இன்னைக்குப் போன் பண்ணாங்கடா," என்று ஆரம்பித்தாள்.