இடது கன்னத்து வெள்ளை

இடது கன்னத்தின் உட்புறத்தில் நகமளவு வெள்ளையாக ஒன்றைக் கண்டபோது, எங்கள் ஊர்ப் பெண்கள் நினைப்பதையே நானும் நினைத்தேன்: சுண்ணாம்பு பொள்ளிவிட்டது. அதற்கு எங்களிடம் ஒரே வைத்தியம்தான். வெற்றிலையையும் புகையிலையையும் மறு கன்னத்தில் அடக்கிக்கொள்வோம். நானும் மாற்றினேன், மாற்றிய நாளைக் குறித்தும் வைத்தேன். இருபத்தொரு நாள் கழித்துக் கண்ணாடியில் பார்த்தால், வெள்ளை அப்படியே இருந்தது. சுண்ணாம்புப் புண் மூன்று கிழமை நிற்காது.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். புகையிலை பாவிப்பவர்களுக்கு மறுநாள் பாடசாலை மண்டபத்தில் இலவச வாய்ப் பரிசோதனை.

அடுத்த வளவில் இருக்கும், எனக்கு அக்கா முறையான ராத்தா வேலியோரம் வந்தார். அவருடைய மகளுக்குக் கலியாணம் பேசி முடியும் தறுவாய்.

"அங்க போய்க் குந்தாதகா. மாப்புள வீட்டார் கண்டா, புத்துநோய்க் குடும்பம் எண்டு சொல்லிப் போடுவாங்க. ரெண்டு மாசம் பொறுக்க ஏலாதா?"

"எனக்கு ஏலும். வாய்க்கு ஏலுமோ தெரியா. கலியாணம் உங்கட மகளுக்கு ராத்தா, வாய் என்ட."

காலை எட்டரைக்குப் போனேன். உள்ளே ஆண்கள் மட்டும் இருந்தார்கள். பெண்கள் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு வாசலில் நின்றார்கள். அவர்களுள் மாப்பிள்ளையின் உம்மாவும் ஒருவர். நான் நேரே போய் முன் கதிரையில் உட்கார்ந்தேன். மேசையில் இருந்தவை ஒரு டோர்ச், சிறு கண்ணாடி, நாக்கை அழுத்தும் குச்சிகள், கொஞ்சம் துணி. அவ்வளவுதான். டொக்டரம்மா வெள்ளையைத் துணியால் துடைத்துப் பார்த்தார். போகவில்லை.

"எத்தின வருஷமாப் புகையிலை?"

"இருபத்தாறு. சுண்ணாம்பு பொள்ளினது எண்டு நினச்சன், மூணு கிழமையாகியும் ஆறல்ல."

"சுண்ணாம்பு எண்டா இதுக்குள்ள ஆறியிருக்கும். புற்றுநோய் எண்டு இப்ப சொல்ல ஏலாது. சின்னத் துண்டு எடுத்துச் சோதிக்கணும். இண்டையோட புகையிலைய விட்டுடுங்க."

ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் தந்தார். வாசலுக்கு ஓடி வந்திருந்த ராத்தா என் கையைக் கிள்ளி, "சுண்ணாம்பு எண்டே சொல்லு" என்று முணுமுணுத்தார்.

மாப்பிள்ளையின் உம்மா கேட்டே விட்டார். "என்னவாம்?"

"சுண்ணாம்பு இல்லியாம். துண்டு வெட்டிப் பாக்கணுமாம்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "நீங்க என்ன விடக் கூடச் சப்புறவங்க. உள்ளுக்கு வாங்க, கதிர சும்மாதான் கிடக்கு."

ராத்தாவின் முகம் கறுத்தது. அந்த அம்மா வெளியிலிருந்தே தன் கன்னத்தை விரலால் அழுத்திப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை துண்டு எடுக்கிறார்கள். அன்றைக்கும் பட்டப்பகலில், நடுத்தெருவால்தான் போவேன்.