அண்ணனுக்கு உயரம், தம்பிக்குத் தாழ்வு

ஜாக்கியக்கா என்றுதான் அந்தத் தெருவில் எல்லோரும் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் அவளுடைய ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் இருக்கிறது. ஐம்பதைத் தாண்டியவள். வண்டிக்கு அடியில் இருக்கிறதெல்லாம் அவள் ராஜ்ஜியம்: ஸ்பிரிங், ஷாக், அச்சு. இடது புருவத்தைப் பிளந்துகொண்டு ஒரு தழும்பு ஓடும். இருபது வயதில், இறுக்கி வைத்த ஸ்பிரிங் கிளிப்பை மீறித் தெறித்ததில் வந்தது.

அவளுடைய அப்பா கல்குவாரி மேஸ்திரி. அந்த வீட்டில் சமாதானம் பேசுகிற வழக்கமே கிடையாது. பையன்கள் இருவருக்கும் வாய்ச்சண்டை முற்றினால் பின்கட்டில் விட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். "அடிச்சுக்கங்கடா. ஜெயிச்சவன் சொல்றதுதான் நியாயம்." நடுவில் பிறந்தவள் அவள். விலக்கப் போனால் அண்ணன் கையிலும் அடி, தம்பி கையிலும் அடி. அழுதால் அப்பாவிடம் மூன்றாவது அடி.

கல்யாணமான நாலாவது மாதம் புருஷன் கை ஓங்கினான். அவள் பதிலுக்கு ஓங்கியதில் அவன் மணிக்கட்டு பிசகியது. மாவுக்கட்டுப் பிரித்த அன்று பெட்டியோடு போனவன்தான். "கட்டுப் பிரிக்கிற வரைக்கும் இருந்தானே, நல்ல மனுஷன்" என்பாள் இப்போதும். சிரிக்காமல் சொல்வாள்.

அப்பா போன பிறகு அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரு மின்சார பிக்கப் வண்டி வாங்கினார்கள். ஒரே வயிற்றில் பிறந்ததற்குப் பிறகு அவர்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான். வாரத்தில் மூன்று நாள் அண்ணனுக்கு. குவாரிக்குக் குழாயும் இரும்பும் ஏற்றிப் போவான். மூன்று நாள் தம்பிக்கு. வீடு மாறுகிறவர்களின் பீரோ, கட்டில், கண்ணாடி. ஞாயிற்றுக்கிழமை வண்டி சார்ஜில் நிற்கும்.

தகராறு முதல் மாதமே வந்தது. வண்டியின் வயிற்றில் முழு நீளத்துக்கும் பேட்டரிப் பெட்டி. குவாரிப் பாதையில் ஒரு கல் அதை உரசிவிட்டது. அண்ணன் தங்கையிடம் வந்தான்.

"நாலு அங்குலம் தூக்கிக் குடு."

"நாலு தூக்கினா அச்சு கோணிக்கும்ணே. ஒரு தடவை சார்ஜ் போட்டா ஓடுற தூரமும் குறையும். ரெண்டுதான் தூக்குவேன்."

முன்னால் ஸ்பிரிங்குக்கு மேலே வளையம், பின்னால் ஸ்பிரிங் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே கட்டை. ஒரு நாள் வேலை. அடுத்த வாரம் தம்பி வந்து நின்றான். பீரோவை அந்த உயரத்துக்குத் தூக்கும்போது கை நழுவி, கூட வந்த லோடுமேன் பாதத்தில் விழுந்துவிட்டதாம்.

"இறக்குக்கா. முன்ன இருந்ததைவிட இன்னும் கொஞ்சம் கீழ."

இறக்கினாள். அண்ணன் வந்தான், ஏற்றினாள். அந்த வருஷத்தில் ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் இருவரிடமும் சொல்லிப் பார்த்தாள். யார் கேட்டார்கள்? உயரம் வண்டியைப் பற்றியதாகவே இல்லாமல் போய்விட்டது. எவன் வண்டி, எவன் வீடு, எவன் ஆம்பளை என்கிற கணக்கு அது.

எட்டாவது தடவை தம்பி சொல்லி அவள் இறக்கியதை அண்ணனிடம் யாரும் சொல்லவில்லை. மறுநாள் காலை அவன் பழைய நினைப்பில் குவாரிப் பாதையில் ஓட்டினான். பேட்டரிப் பெட்டியின் அடித்தகடு ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்தது. வண்டி மேட்டில் நின்றுபோய், பின்னோக்கி உருளத் தொடங்கியது. கதவைத் திறந்து குதித்துத்தான் உயிர் தப்பினான். வண்டி ஒரு பாறையில் முட்டி நின்றது.

அவன் நேரே தம்பி வீட்டுக்குப் போனான். தம்பி சவரம் செய்துகொண்டிருந்தான். பாதி முகத்தில் நுரை. அண்ணன் அவன் பிடரியைப் பிடித்து முகத்தைக் கண்ணாடியில் மோதினான். ஒருமுறை அல்ல, கண்ணாடி முழுக்க உதிரும்வரை. முன்பல் இரண்டு வாஷ்பேசினில் விழுந்தன. அன்று சாயங்காலமே தம்பி கடப்பாரையோடு போய் அண்ணன் வீட்டு ஜன்னல் ஒன்று விடாமல் உடைத்தான். அண்ணி குழந்தையோடு கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டாள்.

பேட்டரிக்காரர்கள் தகடு மாற்றி முடித்ததும் வண்டி ஜாக்கியக்காவிடம் வந்தது. நாலு சக்கரத்தையும் கழற்றி ஸ்டாண்டுகளில் நிறுத்தினாள். பேட்டரி கனத்தால் அந்த வண்டி சாதாரண வண்டியைப் போல ஒன்றரை மடங்கு எடை. அதனால் எதற்கும் இருக்கட்டும் என்று கழற்றிய சக்கரம் ஒன்றைச் சட்டத்துக்குக் கீழே படுக்க வைத்துவிட்டுத்தான் அடியில் நுழைவாள்.

செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. வெயில் ஷட்டரைத் தாண்டி உள்ளே வந்திருந்தது. வண்டிக்கு அடியில் படுத்தபடி பின்பக்க மூலையில் ஸ்டாண்டை நகர்த்தி வைத்திருந்தாள். அது இன்னும் சரியாக உட்காரவில்லை. அப்போது அண்ணனின் செருப்புச் சத்தம் கேட்டது.

"எவ்வளவு தூக்கியிருக்க?"

"தூக்கவும் இல்ல, இறக்கவும் இல்ல. கம்பெனியில வந்த உயரம். இனிமே அவ்வளவுதான்."

அவன் பதில் சொல்வதற்குள் இன்னொரு ஜோடிக் கால் வாசலில் தெரிந்தது. அதன் பக்கத்தில் ஒரு சங்கிலி தரையில் இழுபட்டு வந்தது.

"என் பல்லைக் குடுறா" என்றான் தம்பி.

சங்கிலி அண்ணனின் தோளில் சுற்றி விழுந்தது. அவன் அதைப் பிடித்து இழுத்தான். இருவரும் கட்டிப் புரண்டு, அடியில் ஆள் இருக்கிறாள் என்ற நினைப்பே இல்லாமல், ஸ்டாண்டின் மேலேயே போய் விழுந்தார்கள். வண்டியின் மூலை இறங்கியது. சக்கரம் அவள் நெஞ்சைக் காப்பாற்றியது. இடது கையைக் காப்பாற்றவில்லை. சட்டத்துக்கும் ரிம்முக்கும் நடுவே விரல்கள் போய்விட்டன.

கத்தினாள். ஒரு கை தூரத்தில் அவர்கள் உருண்டுகொண்டிருந்தார்கள். தம்பியின் வாயில் அண்ணனின் காது. தம்பியின் தலையை அண்ணன் சிமெண்ட் தரையில் அடிக்கிறான். அவள் கத்தியது இருவர் காதிலும் ஏறவில்லை. 'அண்ணே' என்றாள், 'டேய்' என்றாள், கடைசியில் செத்துப்போன அம்மாவைக்கூடக் கூப்பிட்டாள்.

பிறகு கத்துவதை நிறுத்திவிட்டாள். வலது கை எட்டுகிற தூரத்தில் சின்ன ஜாக்கி இருந்தது. விரல் நுனியால் சுரண்டிச் சுரண்டி இழுத்து, அச்சுக்கு அடியில் தள்ளி, படுத்தபடியே பம்பை அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் கண் இருட்டியது. பதினாறாவது அடியில் கை வெளியே வந்தது. வந்தது கைதானா என்று அவள் பார்க்கவில்லை.

ஜாக்கியின் இரும்புக் குழாயை உருவிக்கொண்டு எழுந்தாள். மேலே இருந்தவன் அண்ணன். அவன் தோளில் இறக்கினாள். காரை எலும்பு முறிகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. அவன் சரிந்ததும் தம்பி எழுந்தான், "அக்கா, நல்லா..." என்று ஏதோ சொல்ல வாயெடுத்தான். முழங்காலில் ஒன்று. விழுந்தவனுக்கு அதே காலில் இன்னொன்று. "ஜெயிச்சவன் சொல்றதுதான நியாயம்? இப்ப நான் ஜெயிச்சேன்! நான் சொல்றேன்! கேளுங்கடா!" என்று கத்தினாள். என்ன சொல்ல வேண்டும் என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை. குழாய் மறுபடி மேலே போனது. பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் ஓடிவந்து பின்னாலிருந்து கட்டிப் பிடித்திருக்காவிட்டால் எங்கே நின்றிருக்குமோ.

டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். "யாராவது என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் சாதாரணக் குரலில். பஞ்சர் கடைக்காரர் மூன்று பேரையும் ஒரே ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்.

"என்ன ஆச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

"வண்டி விழுந்துடுச்சு" என்றான் அண்ணன்.

"மூணு பேர் மேலயுமா?"

"பெரிய வண்டி சார்" என்றான் தம்பி, பல்லில்லாத வாயால்.

அவளுக்கு இரண்டு விரல்களை எடுக்க வேண்டியிருந்தது. கட்டோடு படுத்திருந்த நாட்களில் கையைவிட வேறொன்று அவளைத் தூங்கவிடவில்லை. அந்த இரண்டாவது அடி. விழுந்து கிடந்தவன் காலில் போட்டது. அதில் ஒரு ருசி இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த மனுஷனுக்கு என்ன ருசி கிடைத்தது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அது தெரியாமலே இருந்திருக்கலாம்.

இரண்டு மாதம் கழித்து, எட்டு விரலோடு வேலையை முடித்தாள். பின்பக்கப் பட்டையின் போல்ட் தலைகளை யாரும் கழற்ற முடியாதபடி வெல்டிங் வைத்துவிட்டாள். அண்ணன் வண்டியை எடுத்துப் போனான். குவாரிப் பாதையில் இறங்கி, கற்களைப் பொறுக்கிப் போட்டுவிட்டுத்தான் ஓட்டுகிறான் என்று கேள்வி. தம்பி தன் பங்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறு ஊருக்குக் குடிபோனான். ஒரு பாத்திரக் கடையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. நின்று பார்க்கிற வேலை இனி அவனால் ஆகாது.

அடுத்த வருஷம் அவள் பஸ் ஏறிப் போனாள். ஒற்றை அறை வீடு. தம்பி காலை இழுத்து இழுத்து நடந்து டீ போட்டுக் கொடுத்தான். கட்டுப்பல் புதிதாக மின்னியது.

"வலிக்குதாடா?"

"மாடி ஏறினா. உனக்கு?"

"இல்லாத விரல்தான் வலிக்குது."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ரெண்டாவது அடி தேவையில்லடா. நீ விழுந்துட்ட, நான் பார்த்தேன், பார்த்துட்டுத்தான் அடிச்சேன். என்னை மன்னிச்சிடு."

அந்தக் குடும்பத்தில் யாரும் யாரிடமும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அதைக் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று தம்பிக்குத் தெரியவில்லை. எழுந்து, அவள் குடித்து வைத்த டம்ளரை எடுத்துப் போய்க் கழுவினான். கழுவியதையே மறுபடியும் கழுவினான். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"சாப்பிட்டுப் போக்கா" என்றான், திரும்பாமலே.