ஊத் பூசிக்கொண்டு பெண் பார்க்கப் போனது

தோஹாவில் இருக்கும் மகள் அனுப்பிய வாசனைப் போத்தலை நான் மூன்று நாட்கள் பரீட்சித்தேன். நாற்பது வருடம் அரச அலுவலகத்தில் இருந்தவன் எதையும் பரீட்சிக்காமல் பொறுப்பேற்பதில்லை. பெட்டியே ஒரு குற்றம். உள்ளே வெல்வெட், போத்தலின் கழுத்தில் தங்க நிறப் பட்டி, விளையாட்டுப் போட்டியில் கொடுக்கும் வெற்றிக் கிண்ணத்தின் தோரணை. ரோசாவும் ஊத்தும் சேர்ந்த கலவை என்று எழுதியிருந்தது. ஊத் என்பது அகில் கட்டையின் எண்ணெய்.

வெள்ளைக் கைலேஞ்சித் துணியில் ஒரு தடவை தெளித்து மேசையில் விரித்து வைத்தேன். முதல் ஒரு மணி நேரம் ரோசா. செடியில் பூக்கும் ரோசா அல்ல, கூல்பாரில் பலூடாவுக்கு ஊற்றுகிற சிவப்புப் பாணி. பிறகு ஊத் எழுந்தது. புதுத் தோல் சப்பாத்து, ஆஸ்பத்திரிப் பிளாஸ்டர், மழையில் நனைந்த ஆடு, மூன்றையும் ஒரே அறையில் பூட்டி வைத்தால் அப்படித்தான் இருக்கும். பகல் முழுவதும் அந்த ஆடு போகவில்லை. மறுநாள் காலையில் மிஞ்சியிருந்தது அமைதியான, உலர்ந்த மர வாசம். நல்ல வாசம்தான், மறுக்க மாட்டேன். ஆனால் அதை அடைவதற்கு ஒரு மனிதன் முழு நாளும் புதுப்பணக்காரனாக நாற வேண்டும். ஒரேயொரு தெளிப்பு, அதுவும் முதல் நாளே உடுப்பில் என்று தீர்மானித்து அலுமாரியில் பூட்டினேன்.

மனைவி மௌத்தாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. தன் நானா, அதாவது அண்ணன், தனியே பாணும் பருப்பும் தின்பதை என் தங்கச்சி தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டாள். கடலோரக் குறிஞ்சிப்பிட்டியில் ஒரு விதவை, கணித ஆசிரியை, தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த குடும்பம், வெங்காயத் தோட்டம் செய்யும் தம்பியோடு இருக்கிறார் என்று அவள்தான் கண்டுபிடித்தாள். படம் காட்டினாள். படத்தில் அவர் சிரிக்கவில்லை. படம் எடுத்தவரைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உடனே பிடித்துவிட்டது. அறுபத்துமூன்று வயதில் இதை வெளியே சொல்ல முடியுமா? "பாப்பம்" என்றேன். அன்றிரவு தொழுதுவிட்டுக் கேட்ட துஆவைப் போல் பதவி உயர்வுகளுக்குக்கூட நான் கேட்டதில்லை.

புறப்படும் காலையில் தங்கச்சி அலுமாரியைத் திறந்து போத்தலைக் கண்டாள். எங்கள் ஊரில் அத்தரைச் சிறு பஞ்சில் ஒரு துளி தொட்டுக் காது மடலுக்குள் செருகுவது வழக்கம். அவளுக்கு இதுவும் அத்தர்தான். துளி விழாததால் பஞ்சு சொட்டும் வரை தெளிப்பானை அழுத்தினாள். இரண்டு காதுக்கும் இரண்டு பஞ்சு. மீதி தாடிக்கு, சேர்ட்டுக்கு, புறங்கைகளுக்கு.

"இது அத்தரில்ல புள்ள. கூடிப் போச்சு."

"சும்மா நில்லுங்க நானா. பொண்ணு பாக்கப் போறீங்க, மையத்து வீட்டுக்குப் போற மூஞ்சோட நிக்கிறீங்க. கத்தார்ச் சாமான். கூடினாத்தான் தெரியும்."

பொருளின் தரத்தை அளவால் நிரூபிக்கும் இந்தக் கொள்கை எங்கள் வட்டாரம் முழுவதும் அமுலில் இருக்கிறது. நான் புறங்கைகளை நீட்டிக் கொடுத்தேன்.

காரை அவள் கணவர் ஓட்டினார். ஏசி போட்டுக் கண்ணாடிகளை ஏற்றியிருந்தார். பாலாவி உப்பளம் தாண்டுமுன் அவருக்குக் கண்ணீர் வடிந்தது.

"மச்சான், இதோட தொழுதா கூடுமா? ஸ்பிரிட் கலந்திருக்குமே."

"எனக்குக் கூடும். பக்கத்துல நிக்கிறவருக்குத்தான் கஷ்டம்" என்றேன்.

"கண்ணாடிய எறக்கட்டா?"

"எறக்காதீங்க, வாசம் போயிரும்!" என்று தங்கச்சி பின்னாலிருந்து கத்தினாள்.

வாசம் போகவில்லை. ரோசா முடிந்து ஆடு புறப்படுகிற சரியான நேரத்தில் நாங்கள் அந்த வீட்டு வாசலில் இறங்கினோம்.

தம்பி சலாம் சொல்லிக் கை கொடுத்தார். கொடுத்த கையைப் பிறகு உடம்பிலிருந்து தள்ளியே வைத்துக்கொண்டார். நாங்கள் கதிரைகளில் அமர்ந்ததும் அந்த ஆசிரியை தேத்தண்ணித் தட்டோடு வந்தார். மூன்று எட்டு வைத்தார், நின்றார், தட்டைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு இருமத் தொடங்கினார். இருமல் நிற்கவில்லை. நெஞ்சுக்குள் விசில் கேட்டது.

"அவக்கு இழுப்பு இருக்கு. வாசம் ஒத்துக்கொள்ளாது" என்றார் தம்பி.

"இது நல்ல வாசமாச்சே!" என்றாள் தங்கச்சி.

ஆசிரியை பேச முடியாமல் முற்றத்தைக் கைகாட்டினார். முற்றம் முழுவதும் வெங்காயம் உலரப் போட்டிருந்தது. இன்ஹேலரை இழுத்து மூச்சு வந்ததும் அவர் கடல் பக்கமாகப் போய் நின்றுகொண்டு, என்னை எதிர்ப்புற வேலிக்கரைக்குப் போகச் சொன்னார். கடலிலிருந்து வீசும் கச்சான் காற்று அவரிடமிருந்து என் பக்கம் அடித்தது. நடுவில் இருபது அடி வெங்காயம். எனக்குத் தெரிந்த எந்த நடைமுறையிலும் இப்படி ஒரு பெண் பார்ப்பு இல்லை. கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அடுத்த தோட்டத்தில் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தவர்களும் வேலையை நிறுத்திக் கேட்டார்கள்.

"நீங்களா பூசினீங்க?"

"இல்ல. தங்கச்சி."

"உங்களுக்குப் பிடிச்சிருக்கா இது?"

"இல்ல. ஒரு தடவைக்கு மேல தெளிக்கக் கூடாது. அதுவும் முதல் நாளே உடுப்புல."

"அதை அவங்களுக்குச் சொன்னீங்களா?"

"கூடிப் போச்சுன்னு சொன்னேன்."

"சொல்லிப்போட்டு?"

"பேசாம நிண்டேன்."

"நாளைக்கு என்ட வீட்டுக்குள்ளயும் யாராவது வந்து தெளிப்பாங்க, நீங்க பேசாம நிப்பீங்க. மூச்சு முட்டுறது எனக்கு."

நான் ஏற்காத எத்தனையோ தீர்மானங்களின் ஓரத்தில் 'உடன்பாடில்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதி, அடியில் சம்மத ஒப்பமும் வைத்தவன் நான். அதைத் துணிச்சல் என்று நம்பித்தான் ஓய்வு பெற்றேன். காலையிலிருந்து எல்லோரையும் மனதுக்குள் இகழ்ந்துகொண்டு, காதில் பஞ்சோடு வந்து இறங்கியதும் அதே உத்தியோகம்தான்.

பஞ்சுகளைப் பிடுங்கி, என் பின்னால் வந்து நின்ற தங்கச்சியிடம் நீட்டினேன்.

"இந்தா. இனி என்ட காதுல ஒண்டும் வெக்காத. எனக்குப் பதிலா கதைக்கவும் வேணாம்."

"நானா, ஆக்களுக்கு முன்னால..."

"ஓம், ஆக்களுக்கு முன்னாலதான் சொல்றேன்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கு இரக்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திருத்தவில்லை.

அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "இண்டைக்கு ஏலாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வாங்க. தம்பி வீட்ட இருப்பான். நீங்க மட்டும் வாங்க."

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போனேன். அவர் கேற்றடியில் நின்றார். என்னை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு ஓரடி, பிறகு இன்னும் ஓரடி கிட்ட வந்து, மூச்சை மெல்ல உள்ளே இழுத்தார்.

"சவுக்காரம்" என்றார். "எத்தனை தரம் தேச்சீங்க?"

"நாலு."

"அதுவும் கூடத்தான்" என்று சொல்லிக் கேற்றை முழுதாகத் திறந்தார். "உள்ளுக்கு வாங்க."