அடுக்களைக்கு வெளியே நின்று சமைத்தவர்

எங்கள் அண்ணன் சிவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. அவரை அறிந்தவர்களும் அவர் சமைத்ததை உண்டவர்களும் கூடியிருக்கும் இந்நாளில் இந்த நினைவு மலரை உங்கள் கையில் தருகிறோம். இதுபோன்ற மலர்களில், மறைந்தவர் பொறுமையின் வடிவம், அதிர்ந்து பேசாதவர் என்றெல்லாம் எழுதுவது வழக்கம். அண்ணனைப் பற்றி அப்படி எழுதினால் படிப்பவர்கள் சிரிப்பார்கள். உப்புக் கூடிப்போனால் குழம்பைச் சட்டியோடு கொட்டுகிற மனிதர் அவர். தன் சமையலைத் தானே முதலில் மெச்சிக்கொள்வார். அடுத்தவர் மெச்சட்டும் என்று காத்திருக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. கூடப்பிறந்த தங்கை என்கிற உரிமையில் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது செங்கல் என்கிற ஊரில், எங்கள் பூர்வீக வீட்டில். அப்பா நெய்யாற்றின்கரைத் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. மகாராஜா சர்க்காரின் சம்பளம் வருகிற சைவக் குடும்பம் என்பதில் அப்பாவுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. நான் நடை பழகும் முன்பே அம்மா தவறிவிட்டார். அன்றுமுதல் அடுக்களை அண்ணன் பொறுப்பாயிற்று. சோறு வடித்து, எனக்குத் தலைவாரி, அப்பாவுக்கு வாழையிலையில் பொதிச்சோறு கட்டிக் கொடுத்த பிறகுதான் சிலேட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுவார். அந்தப் பொதியை அவிழ்த்தால் கச்சேரியே திரும்பிப் பார்க்கும் என்று அப்பா சொல்லி நானே கேட்டிருக்கிறேன்.

ஆனால் வீட்டில் சமைப்பது வேறு, அதையே தொழிலாகக் கொள்வது வேறு என்பது அப்பாவின் கட்சி. படிப்பு முடிந்ததும் அண்ணனைத் தம் கச்சேரியிலேயே நகலெழுத உட்கார வைத்தார். அண்ணன் சில மாதம் உட்கார்ந்து பார்த்தார். பிறகு ஒருநாள் திருவனந்தபுரம் போய், ஒரு வெள்ளைக்கார எஞ்சினீயரின் பங்களாவில் சமையல் செய்யும் குசினிக்காரராகச் சேர்ந்துகொண்டார். முட்டையும் இறைச்சியும் புழங்குகிற குசினி. அப்பா அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினார். ஓணத்துக்கு அண்ணன் வந்து ஆசையாகச் சமைத்து வைத்தால், அப்பா கோயிலுக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். திரும்பி வந்து பழஞ்சோறு போட்டுத் தின்பார். இப்படியே வருடங்கள் ஓடின. எனக்கு அப்பா மேலும் கோபம், வம்புக்கென்றே ஒவ்வோர் ஓணத்துக்கும் வந்து நின்ற அண்ணன் மேலும் கோபம்.

என்னைப் பாறசாலையில் கட்டிக் கொடுத்தார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம், மூத்த மகன் திருவனந்தபுரத்தில் எஞ்சினீயர் துரையிடம் உத்தியோகத்தில் இருக்கிறான் என்று அப்பா சொல்லியிருந்தார். அதில் பொய் இல்லை. ஆனால் என்ன உத்தியோகம் என்பதை அவர் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார். கல்யாணத்துக்கு வரவேண்டாம் என்று அண்ணனுக்குச் சொல்லியனுப்பினார். அண்ணனும் வரவில்லை.

கல்யாணம் முடிந்து சில நாளில் அடுக்களை காணல் நடக்கும். பெண்வீட்டார் பலகாரங்களோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், தங்கள் பெண் புழங்கப்போகிற அடுக்களையைப் பார்த்து, உண்டு, மகிழ்ந்து திரும்புகிற சடங்கு. அப்பாவும் உறவினர்களும் முந்திரிக்கொத்தும் அதிரசமுமாக வந்து இறங்கினார்கள். எல்லாரும் உட்கார்ந்த பிறகு, பக்கத்து ஊரான உதியன்குளங்கரையில் வண்டியை விட்டிறங்கி, தலையில் வாயகன்ற ஒரு வெண்கல உருளியைச் சுமந்துகொண்டு அண்ணன் வந்தார். அழைக்காத இடத்துக்கு அவ்வளவு கம்பீரமாக வந்த ஒருவரை நான் அதற்கு முன்பும் பின்பும் பார்த்ததில்லை. சம்பந்தி வீட்டு முற்றத்தில் அப்பா என்ன சொல்ல முடியும்?

உருளிக்குள் இருந்தது மக்ரோனி. குழல் குழலாக இருக்கும் கோதுமைப் பண்டம். துரைமார் அதைத் தகர டப்பாவில் வரவழைத்து, பாலும் முட்டையும் ஊற்றிச் சுட்டுத் தின்பார்கள். அண்ணன் அதை நம் வாய்க்கு ஏற்றபடி மாற்றியிருந்தார். முட்டைக்குப் பதில் மத்தங்காய் என்கிற பழுத்த பரங்கிக்காய், சீனிக்குப் பதில் கருப்பட்டி, பசும்பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால். என் மாமியார் ஒரு துண்டு சாப்பிட்டார். கேட்காமலே இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டார்.

“இது என்ன பலகாரம்? குழல் குழலா இருக்கு. நல்ல ருசி உண்டே! எங்கேந்து வாங்கினிய?” என்று அப்பாவிடம் கேட்டார்.

“திருவனந்தபுரம் சாலை பஜாருல ஒரு கடை உண்டு. அங்க சொல்லி வச்சு வாங்கினது” என்றார் அப்பா.

அண்ணன் அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

“கடையில வாங்கினதில்லை அத்தே. நான் வச்சது ஆக்கும். எஞ்சினீயர் பங்களாவுல நான் குசினிக்காரன்.”

மாமியார் தட்டைக் கீழே வைத்தார். எழுந்து கிணற்றடிக்குப் போனார். அவர் வாய் கொப்பளித்துத் துப்பிய சத்தம் முன்னறைவரை கேட்டது. திரும்பி வந்து நின்றவர் முகத்தை என்னால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

“எறச்சி தொட்ட கையா இது? இதை ஏன் எங்ககிட்ட மறைச்சிய? மறைச்சு வச்சுக் கெட்டிக் குடுத்த பொண்ணு எங்களுக்கு எதுக்கு? இப்ப உங்க கூடவே வண்டியில ஏத்திக்கிடுங்க. பெறவு பேசிக்கிடலாம்.”

பெறவு பேசுவது என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். அப்படி வண்டியேறிய பெண்கள் எங்கள் சுற்றத்தில் இருந்தார்கள். தாலி கழுத்தில் இருக்க, பிறந்த வீட்டிலேயே தலை நரைத்தவர்கள். என் வீட்டுக்காரர் தூணுக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாய் சொல்லைத் தட்டாத பிள்ளை. அதற்கு அவரைப் பிற்காலத்தில் வேண்டிய மட்டும் கேட்டுவிட்டேன். அந்த நேரத்தில் அண்ணன் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதி முடியாது.

அண்ணன் கொஞ்சமும் அசரவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னார்:

“எறச்சியோ முட்டையோ இதுல போடல்லை அத்தே. நீங்க நம்பண்டாம். உங்க அடுப்பு, உங்க உருளி, உங்க விளையில காய்ச்ச மத்தங்கா. எனக்க தங்கச்சி வைக்கட்டு. நான் உள்ள கேறமாட்டேன், ஒண்ணையும் தொடமாட்டேன். வாயால சொல்லித் தாறேன். நல்லா வந்தா அவ இங்க இருக்கட்டு. இல்லேண்ணா நானே கூட்டிட்டுப் போறேன்.”

யாரைக் கேட்டு என்னைப் பணயம் வைத்தார்? அந்தப் பண்டம் செய்வதை நான் கண்ணால்கூடக் கண்டதில்லை. மாமியார் மறுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் உருளியை ஒருமுறை பார்த்தார், அண்ணனை ஒருமுறை பார்த்தார். “செரி, வைக்கட்டு. நான் பக்கத்துல இருப்பேன்” என்று பலகையை எடுத்து அடுக்களை நடையில் போட்டு உட்கார்ந்தார். வாய்தான் கொப்பளித்தாரே தவிர, அந்த ருசி அவரை விடவில்லை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அண்ணன் பின்வாசலுக்கு வெளியே கிணற்றடியில் நின்றார். நான் உள்ளே. நடுவில் மாமியார்.

விரதநாளுக்கென்று திரித்து வைத்திருந்த கோதுமை மாவை மாமியார் எடுத்துத் தந்தார். வெந்நீர் விட்டுப் பிசைந்தேன். “காதைத் தொட்டுப் பாரு. அந்த மெதுவு வந்தா போதும்” என்றார் அண்ணன். தென்னையோலையின் நடுக்குச்சியான ஈர்க்கிலைச் சீவிக் கழுவச் சொன்னார். மாவைத் திரியாக உருட்டி, நடுவில் ஈர்க்கிலை வைத்து அமுக்கி, உள்ளங்கையால் முன்னும் பின்னும் உருட்டினால் மாவு ஈர்க்கிலைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். மெல்ல உருவினால் குழல். சொல்லும்போது எளிதாக இருந்தது.

“அண்ணா, கிழிஞ்சு கிழிஞ்சு போவுது!”

“ஈர்க்கிலுல நெய் தொடு, கோட்டிக்காரி. எடுத்த எடுப்புல உருவாதே. திருகிக்கிட்டே உருவு.”

திருகிக்கொண்டே உருவினேன். வந்தது. அடுத்ததும் வந்தது. முறம் நிறையக் குழல்கள் சேர்ந்தன. அவற்றை உப்பு நீரில் வேகவைத்து வடித்தேன். மத்தங்காயைத் தண்ணீர் விடாமல் நெய்யில் வேகவைத்து மசித்து, வடிகட்டிய கருப்பட்டிப் பாகும் முதல் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிண்டினேன். உருளியில் நெய் தடவி, மத்தங்காய் ஓர் அடுக்கு, குழல் ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றி நிரப்பினேன். அதன்மேல் அரிசிமாவு கலந்த தேங்காய்ப்பால். கடைசியாகச் சாதிக்காயைத் துருவித் தூவச் சொன்னார் அண்ணன்.

“இனி வெண்கலத் தட்டால மூடு. அடியில கொஞ்சம் கனல் போதும். தேங்காச் சிரட்டைக் கனலை அள்ளி மூடிக்கு மேல நெறைய வை.”

இடுக்கியில் நான் கனலை எடுத்ததுதான் தாமதம், மாமியார் எழுந்துவிட்டார்.

“நல்ல நாளும் அதுவுமா தலைக்கு மேல தீ வைக்கியதா? அது செத்தவங்க தலைமாட்டுல வைக்கிய காரியம் இல்லியா?”

வெளியிலிருந்து அண்ணன் குரல் வந்தது. “நல்ல காரியத்துக்கு ஏத்துய நிலவிளக்குக்குத் தீ எங்க இருக்கு அத்தே? தலையிலயா, காலிலயா?”

மாமியார் மறுபடி பலகையில் உட்கார்ந்துகொண்டு, “வை, வை” என்று எனக்குக் கையைக் காட்டினார்.

காத்திருந்தோம். சற்று நேரத்தில் கருப்பட்டியும் நெய்யும் சேர்ந்து மணக்கத் தொடங்கியது. நான் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கிணற்றடியிலிருந்து, “எளா, வலத்துப் பக்கம் கனலைத் தள்ளு! கரியுது!” என்று சத்தம். தள்ளிவிட்டுத் திறந்து பார்த்தால், வலது ஓரம் மட்டும் இலேசாகக் கறுத்திருந்தது. மற்ற இடமெல்லாம் பொன்னிறத்தில் தோல் கட்டியிருந்தது. அத்தனை தூரத்தில் நின்று மூக்கால் அதைப் பார்த்திருக்கிறார்.

ஆறவைத்துத் துண்டு போட்டேன். மாமியார் கறுத்த ஓரத்தைத்தான் முதலில் எடுத்தார். நிதானமாக மென்றார். பிறகு பின்வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார்.

“மக்கா, உள்ள வா. இதுல உனக்க கை படல்லை. எண்ணாலும் கைமணம் உனக்குள்ளது ஆக்கும். வெளிய நிண்ணே இப்பிடி வைக்கியவனை இன்னும் வெளிய நிறுத்த எனக்கு வட்டும் பைத்தியமும் ஒண்ணும் இல்லை.”

அண்ணன் குனிந்து அடுக்களைக்குள் வந்தார். அதற்குள் மாமியார் ஒரு தட்டில் பெரிய துண்டாக எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய், தம் கையாலேயே அப்பாவுக்கு நீட்டினார். சம்பந்தியம்மாள் பரிமாறுவதை மறுப்பதற்கு எங்கள் சாதியில் வழி கிடையாது. அப்பா தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சாப்பிட்டார். முழுவதும் சாப்பிட்டார்.

கை கழுவ எழுந்தவர் அடுக்களை நடையில் நின்றார்.

“எலே, இதுல போட்டிருக்கது ஏலமா?”

“சாதிக்கா ஆக்கும் அப்பா.”

“ம். கொஞ்சம் கொறைச்சிருக்கலாம்.”

அத்தனை வருடத்துக்குப் பிறகு அப்பா அண்ணனிடம் பேசியது அதுதான். தன் சமையலில் எவர் குறை சொன்னாலும் சண்டைக்குப் போகிற அண்ணன், “செரி அப்பா” என்றார். கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் இருவரும் ஒரே வண்டியில் ஏறிச் செங்கலுக்குப் போனார்கள். நான் பாறசாலையில் இருந்தேன்.

எஞ்சினீயர் சீமைக்குத் திரும்பிய பிறகு, அண்ணன் உதியன்குளங்கரையில் சாப்பாட்டுக்கடை வைத்தார். பலகையில் மலையாளத்திலும் தமிழிலும் ‘சைவம்’ என்று எழுதியிருந்தது. பாலராமபுரத்திலிருந்து துணிமூட்டையோடு வருகிற நெசவாளர்களும் வண்டிக்காரர்களும் அவருடைய நிரந்தர வாடிக்கைக்காரர்கள். அரிசி கிடைக்காத பஞ்சகாலத்தில் மரச்சீனிக் கிழங்கை அவித்துத் துவையலோடு பரிமாறினார். பசி என்று வந்த யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. திட்டாமலும் அனுப்பியதில்லை. கடைசிக்காலம்வரை அப்பாவுக்கு மதியச் சோறு அந்தக் கடையிலிருந்து பொதியாகத்தான் போயிற்று. என் மாமியார் இருந்தவரை, அண்ணன் எங்கள் வீட்டுக்குள் பின்வாசல் வழியாகத்தான் வருவார். வந்ததும் சட்டிகளைத் திறந்து பார்த்து, சட்டிக்கொரு குறை சொன்ன பிறகுதான் உட்காருவார்.

இறுதி மாதங்களில் சளியும் மூச்சிரைப்பும் அவரைப் படுக்கையில் தள்ளின. கஞ்சி தவிர எதுவும் இறங்கவில்லை. ஒருநாள் மத்தங்காய்க் குழல் செய்து கொண்டுபோய் ஒரு வாய் ஊட்டினேன். கண்ணை மூடி ருசித்துவிட்டு, “கருப்பட்டி கூடிப்போச்சு. இதை வேற ஆருக்கும் குடுத்து எனக்க பேரைக் கெடுத்திராதே. முழுசும் இங்க தா” என்றார். மூன்று வாய் சாப்பிட்டார்.

இரவுபகல் பாராமல் அவரைப் பார்த்துக்கொண்ட அவர் மனைவியான மதினிக்கும், மருமக்களுக்கும், கூப்பிட்ட நேரத்தில் வந்த வைத்தியருக்கும், தோள்கொடுத்துச் சுமந்த செங்கல் ஊராருக்கும், கடையடைத்து நின்ற உதியன்குளங்கரை நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அழைக்காமல் வந்தவர்களுக்கு இன்னும் கூடுதலாக நன்றி. அண்ணனுக்கு அப்படி வருபவர்களைத்தான் பிடிக்கும்.

இன்று உங்கள் இலையில் மத்தங்காய்க் குழல் ஒரு துண்டு வரும். சிரட்டைக் கனலில் நானே சுட்டது. இனிப்புக் கூடியிருக்கலாம், ஓரம் கரிந்திருக்கலாம். தயங்காமல் சொல்லுங்கள். குறை சொல்ல அண்ணன் இல்லாமல் நான் அதைச் செய்வது இதுதான் முதல் தடவை.